சொந்த உழைப்பு என்ற கட்டம்

மே 4, 2024
ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முத்துப்பிரியா வந்தது. விவசாயிக்கு என்ன செலவு, என்ன மிச்சம் என்று கணக்கெடுக்கிற பிள்ளை. போடியில் நாற்பது பேருக்கு நோட்டு கொடுத்திருக்கிறது; மூன்று வருஷமாக நானும் எழுதுகிறேன். பத்தாவது பெயிலுக்கு இதுவே பெரிய உத்தியோகம்.

"அண்ணே, சொந்த உழைப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, ஏன் காலியாவே விடுறீங்க?"

"எனக்கு நானே கூலி குடுத்தா, நாளைக்குக் கூட்டிக் கேப்பேன் ஆத்தா."

சிரித்தது.

மே 17
ஆள் ஏற்றும் ஜீப்பில் மலை மேலே என் தோட்டத்துக்குப் போனேன். மழை இல்லை, ஓடையும் வற்றிவிட்டது. ஒன்றரை ஏக்கர் ஏலச்செடியும் வைக்கோல் மாதிரி கிடக்கிறது. உயிரோடு இருப்பது எழுபத்து மூன்று தூர். எண்ணி முடித்ததும் பசித்தது. கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மே 18
நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 2
பவதாரணி மதுரை காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். இந்த டைரியைப் புரட்டி, நான் மேலே போன நாட்களை எண்ணி, நோட்டில் அந்தக் கட்டத்தை அவளே நிரப்பிவிட்டாள். இதற்குத்தான் டைரி எழுதக் கூடாது.

"அப்பா, உங்க கூலியச் சேத்தா மூணு வருசமும் நட்டந்தான்."

"அப்ப ஒங்கப்பன் முதலாளி வேசம்தான் போட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. புதுக் கன்று வைத்தால் காய்க்க மூன்று வருஷம். அவள் படிப்பு இன்னும் இரண்டு வருஷம். இரண்டையும் ஒருத்தன் இழுக்க முடியுமா? தெரியவில்லை.

ஜூன் 11
பக்கத்துத் தோட்டத்து ராக்கையா அண்ணனுக்கு என் தோட்டத்தை ஐந்து வருஷக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். கையெழுத்துப் போடும்போது நான் தயங்குவேன் என்று நினைத்தேன். பேனாதான் மக்கர் பண்ணியது.

ஜூன் 29
முத்துப்பிரியா நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சாகுபடி செய்யாதவர் பட்டியலில் இருக்க முடியாதாம்.

"மனசுல வச்சுக்காதீங்கண்ணே. உங்களுக்குப் பதிலா ஒருத்தர் வேணும்."

ராக்கையா அண்ணனைக் கைகாட்டினேன்.

ஆகஸ்ட் 6
அதே ஜீப்பு, அதே தோட்டம். ராக்கையா அண்ணனுக்குக் கன்று நட்டோம். சாயங்காலம் நோட்டை நீட்டினார். "கண்ணு மங்குது அப்பு, நீயே எழுதிரு."

கூலி ஆள் என்ற கட்டத்தில் எழுதினேன்.

"எத்தன பேருன்னு போட்ட?"

"ரெண்டு."

"மூணு பேருல்லப்பா வந்தீங்க. ஒன்னைய விட்டுட்டியே."

அடித்துவிட்டு, மூன்று என்று எழுதினேன்.