புகையே விடாத கப்பல்

அம்மாவுக்கு வணக்கம்.

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. லேசான இருமல்தான், பயப்படாதே.

இங்கே நடந்த கூத்தைக் கேள். கப்பல் எவ்வளவு புகை விடுகிறது என்று அளக்க, புகைபோக்கிக்குள் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். புதுச் சட்டமாம். அது அளப்பதெல்லாம் நேரே எங்கள் கம்பெனி அலுவலகத்துக் கணினிக்குப் போய்விடும். போன மாதம் கரி அப்பிக் கருவி செத்துப்போனது. திரையில் புகை பூஜ்யம்! ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, பாராட்டுப் பத்திரம்தான் வந்தது. கேப்டன் அதைக் கண்ணாடி பிரேம் போட்டு, நாங்கள் சாப்பிடும் இடத்தில் மாட்டிவிட்டார். நான் அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நேற்று நானே ஏறிக் கருவியைத் துடைத்தேன். திரை முழுக்கச் சிவப்பு. உடனே அலுவலகத்திலிருந்து போன்.

"என்ன இன்ஜினியர் சார், கருவி கெட்டுப்போச்சா?"

"இல்ல சார், இப்பதான் வேலை செய்யுது."

"அதெல்லாம் வேணாம். முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிடுங்க."

தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

சரி, இன்ஜின் அறையில் கூப்பிடுகிறார்கள். கைக்குட்டை அனுப்பினால் இந்தத் தடவை வெள்ளை வேண்டாம், கறுப்பாகப் பார்த்து அனுப்பு. வெள்ளையில் இருமினால் எல்லாம் தெரிகிறது.

உன் மகன்