கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் இறக்கிய சத்தம்

என் அருமை மச்சான் சாமுவுக்கு,

நீ கர்த்தரிடம் போய் ஐந்து மாதமாகிறது. எழுத இப்போதுதான் தைரியம் வந்தது. நீ பதில் போட முடியாது என்பதும் ஒரு காரணம். உன் மாமா எப்பேர்ப்பட்ட வீரன் என்று உனக்குத் தெரியுமே.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனை நினைவிருக்கிறதா? ஜெர்மனிக்காரர் ஒருவர் முந்நூறு வருஷத்துக்கு முன்பு பைப் ஆர்கனுக்கு எழுதியதை, நீ உன் சிந்தசைசர் கீபோர்டில் புதுச் சத்தங்களோடு அமைத்திருந்தாய். நம் சித்தூர் சபையில் ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சருக்கு நான்தான் பொறுப்பு. பத்தாவதை இரண்டாம் தடவையில் பாஸ் செய்தவனை நம்பிக் கொடுத்த பதவி.

முதலில் ஒரு மெட்டு வந்தது. அது முடிவதற்குள் அதே மெட்டு மணிச் சத்தத்தில் வந்தது. அதன்மேல் குழல் சத்தத்தில் இன்னொன்று. எகோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து உன் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ கையை எடுத்துவிட்டாய்.

வெளியே வந்து, "இன்னா மாமா ஆச்சு?" என்றாய்.

"உன் பொட்டிதான்டா அவுட்டு. ஒயர் போயிருக்கும்" என்றேன். என் வாயில் கேக் வேறு.

அதை நம்பி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ரேணிகுண்டாவுக்கு ரிப்பேர் பார்க்க இரண்டு தடவை பஸ் ஏறினாய். "ஒண்ணும் பழுதில்லன்றான் மாமா. அப்போ என் கைதான் சரியில்லையா?" என்று கேட்டாய். சத்தத்தை இறக்கியது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பிராக்டீஸ் பண்ணு" என்றேன். அதன்பிறகு நீ சபையில் வாசிக்கவே இல்லை.

போன வாரம் என் மகள் உன் பென்டிரைவைப் போட்டாள். அதே இசை. எகோ விழுகிறதே என்றேன்.

"எகோ இல்ல நைனா. ஒண்ணு முன்னாடி போவுது, மத்ததுங்க அதையே பாடிக்கினு பின்னாடி வருதுங்க. சாமு மாமா வேணும்னுதான் அப்படி வெச்சிருக்காரு."

முழுசாகக் கேட்டேன். நீ இருக்கும்போது ஏன் கேட்கவில்லை?

நேற்று திருப்பதியிலிருந்து உன் ஸ்டெல்லா போன் செய்தாள். "வீட்டைக் காலி பண்றேண்ணா. கெட்டுப்போன கீபோர்டுதானே, பழைய சாமானுக்குப் போட்டுடறேன். அவரே அதைத் தொடாம வெச்சிருந்தாரு."

"சரிம்மா" என்றேன். இந்த வாய்க்கு வேறென்ன வரும்?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போகிறேன். கீபோர்டும் கெடவில்லை, உன் கையும் கெடவில்லை, பொய் சொன்னது நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றும் சொல்வேன். இது சத்தியம். ஸ்டெல்லா திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். திட்டாமல் காபி போட்டுக் கொடுத்தால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.

உன் அக்காவைக் கட்டி உனக்கு மாமாவானவன்,
தேவராஜ்