காப்பாளர் கையெழுத்து

தான்சேன்,
நேபாளம், கார்த்திக் 22, 2081

என் நானி, என் செல்ல மகள் உர்மிளாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும்.

திஹார் பண்டிகை வந்து போயிற்று. பழக்க தோஷத்தில் ஊருக்கே காணும்படி செல்ரொட்டி சுட்டுவிட்டேன். பாதியைப் பக்கத்து வீட்டு கோமா எடுத்துப் போனாள். உன் அப்பா இரண்டு தின்றுவிட்டு எண்ணெய் கூடிவிட்டது என்றார். நல்ல நாளிலேயே அவர் நாக்கில் அவ்வளவுதான் வரும்.

இனிமேல் உனக்கு இப்படி எழுத்தில்தான் பேசப் போகிறேன். போனை எடுத்தால் அடுத்த அறையில் உன் அப்பா இருமுவதைக்கூட நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். கோமாவின் மருமகள் மத்தியானத்தில் தன் மடிக்கணினியை எனக்குத் தருகிறாள். நான் தட்டுகிற வேகத்தைப் பார்த்து, "டீச்சர், எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பாகுன் மாதம் உனக்குப் பிரசவம். அப்போது நான் உன் பக்கத்தில் இருப்பேன். பல் டாக்டரைப் பார்க்க பூத்வல் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தேன். அது வந்தும் ஆயிற்று, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. சுற்றுலா விசாவை இணையத்திலேயே கேட்கலாமாம். நானே கேட்டுக்கொள்கிறேன். "குடு, நான் இங்கேயிருந்து நிரப்பறேன்" என்று ஆரம்பிக்காதே. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு விண்ணப்பம் பெரிய காரியமில்லை.

உன் அப்பாவிடம் விசா வந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். நம்மவர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத கொல்லர் வீட்டுப் பையனை நீ கட்டிக்கொண்டாய் என்ற சேதி வந்த அன்று, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைத்த மனிதர் அவர். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் காரியம் நடந்த வீட்டில்தான் நான் தினமும் உலை வைக்கிறேன். முன்கூட்டித் தெரிந்தால் தடுப்பார். தடுத்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் அம்மா,
துலசா


சிட்னி,
நவம்பர் 10, 2024

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கணக்கு டீச்சரிடம் யார் வாதாடுவது? நீயே நிரப்பு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நீ திரும்பி ஊருக்குப் போவாய் என்று இவர்கள் நம்ப வேண்டும். அங்கே உனக்கு என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். உள்ளதை எழுது. ஏதாவது புரியாவிட்டால் அனுப்பும் பொத்தானை அமுக்காமல் எனக்கு எழுது. அங்கே உள்ள ஏஜென்டுகளிடம் மட்டும் போகாதே.

உன் மாப்பிள்ளை தில் பகதூருக்கு நீ வரும் சேதி தெரிந்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. நேற்று முழுக்க வீட்டைக் கழுவினார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "உங்க அம்மா நம்ம வீட்டுல தண்ணியாச்சும் குடிப்பாங்களா?" என்று கேட்டார். "குடிப்பாங்க" என்றேன். "நான் மோந்து குடுத்தா?" என்றார். அதை நீதான் சொல்ல வேண்டும் அம்மா. நீ வந்து தங்கிவிட்டு, அவர் தொட்ட குவளையை ஒதுக்கி வைத்தாயானால் என்னால் தாங்க முடியாது. அதற்கு நீ வராமலேயே இருந்துவிடலாம். கோபித்துக்கொள்ளாதே. கேட்காமல் மனசில் வைத்திருக்க முடியவில்லை.

கால் வீங்குகிறது. மற்றபடி நலம். மருத்துவமனையில் உடன் இருக்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள். உன் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.

உன் மகள்,
உர்மிளா


தான்சேன்,
மங்சிர் 10, 2081

நானி,

முதலில் மாப்பிள்ளைக்குப் பதில். அவர் மொண்டு கொடுத்தால் குடிப்பேன். அவர் சமைத்தால் சாப்பிடுவேன், உப்பு கூடினால் சொல்லவும் சொல்வேன். அவர் வீட்டைக் கழுவிக் கழுவி இளைத்துப் போக வேண்டாம்.

இனி என் கதை. விண்ணப்பத்தை நான்கு மத்தியானம் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் நாகரிகதா குடியுரிமைச் சான்றிதழில் உள்ளபடி மனப்பாடமாக இருக்கிறது, மளமளவென்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகுதான் கணினி ஒரு புதுக் காகிதம் கேட்டது. நான் நாட்டை விட்டு வருவதற்குக் காப்பாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அது இல்லாமல் மேலே நகரவே மாட்டேன் என்றது.

எனக்கு ஆச்சரியமே வரவில்லை நானி. நாகரிகதா எடுக்கப் போனபோது உன் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை நிரந்தரமாக்கியபோதும் அவர் வந்து நின்றார். ஆஸ்திரேலியாவும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைத்தெருவில் அந்தக் காகிதத்தை அச்செடுத்தேன். அதில் 'குழந்தை' என்று ஒரு இடத்தில் இருந்தது. வெளிநாட்டுக் காகிதம், எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்திருப்பார்கள் என்று அதை அடித்துவிட்டு 'மனைவி' என்று எழுதினேன். பிறகு, வேறு வழி இல்லாமல், உன் அப்பாவிடம் கொண்டுபோனேன்.

வெயிலில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை மடியில் வைத்தேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டே காலம் கழித்தவர் இல்லையா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். அங்கே யாரிடம் தங்கப் போகிறேன், என்ன உறவு என்று இரண்டு இடம் காலியாக இருந்தது. அதில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"நம்ம உர்மிளாதான். பாகுன்ல அவளுக்குப் பிரசவம். நான் போகணும்."

"எனக்கு அங்க யாரும் இல்ல."

"எனக்கு இருக்கா. உங்களுக்கு இல்லைன்னா அந்த இடத்தை நானே எழுதிக்கறேன். கீழே கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

"என் கையால அந்த வீட்டுக்கு உன்னை அனுப்பணுமா? இதுக்கு நீ பாஸ்போர்ட்டும் எடுத்து வெச்சிருப்ப. எங்க இருக்கு?"

நான் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். முன்பெல்லாம் என்னை "உர்மிளா அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் காரியத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோய், "கேளு", "இந்தா" என்று ஆகிவிட்டது. இப்போது அதுவும் இல்லை.

தினமும் போய்க் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "போட மாட்டேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. என் தம்பி காப்பாளராகக் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்வார்களா? விசாரித்து எழுது. விண்ணப்பம் அனுப்பாமல் அப்படியே இருக்கிறது. கணினியில் பார்க்க வேண்டும் என்றால் நுழைவதற்கான ரகசிய எழுத்துகளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் அம்மா,
துலசா


சிட்னி,
நவம்பர் 27, 2024

அம்மா,

உன் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரிப்பைக் கேட்டு ஓடிவந்த தில் பகதூரும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் அவர்தான் முதலில் நிறுத்தினார். "அவங்க இதுக்காக அவரு காலடியில போயி நின்னிருக்காங்க உர்மிளா" என்றார்.

அம்மா, நீ பிறந்த வருடம் என்று 2019 எழுதியிருக்கிறாய். நம்மூர்க் கணக்கில் அது சரி. இந்த ஊர்க் கணக்கு நம்முடையதைவிட ஐம்பத்தேழு வருடம் பின்னால் ஓடுகிறது. இவர்களுக்கு 2019 என்பது நேற்று மாதிரி. ஐந்து வயதுப் பெண் குழந்தை தனியாக விமானம் ஏறி வருகிறது என்று கணினி நினைத்துக்கொண்டது. அதனால்தான் பெற்றவர்களின் சம்மதம் கேட்டது. உன் பாஸ்போர்ட்டிலேயே 1962 என்று அச்சடித்திருக்கிறதே, அதைப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா?

அறுபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் யாருடைய கையெழுத்தையும் எந்தக் கணினியும் கேட்கவில்லை. அப்பாவிடமும் வேண்டாம், மாமாவிடமும் வேண்டாம்.

எனக்குக் கோபமாக வருகிறது. தப்பாக எழுதினாய் என்பதற்கு இல்லை. 'குழந்தை' என்று இருந்ததை அடித்துவிட்டு 'மனைவி' என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு இன்று வேலைக்குப் போகவில்லை. அந்த இடத்தில் உனக்குச் சந்தேகமே வரவில்லையா அம்மா?

வருடத்தை மாற்று. மற்றது எல்லாம் சரியாக இருக்கிறது. மாற்றிவிட்டு அனுப்பு.

உன் மகள்,
உர்மிளா


தான்சேன்,
பூஸ் 12, 2081

என் நானிக்கு,

விசா வந்துவிட்டது. மூன்று மாதம் தங்கலாம். மாக் மாதக் கடைசியில் காட்மாண்டுவிலிருந்து விமானம். கோமா கூட வந்து ஏற்றிவிடுகிறாள். ஓமம், நெய், உலர்ந்த குந்துருக் கீரை எல்லாம் கட்டி வைத்தாயிற்று. உங்கள் ஊர் அதிகாரிகள் எதைப் பிடுங்குவார்கள் என்று முன்கூட்டியே எழுது.

நீ கேட்டாயே, சந்தேகம் வரவில்லையா என்று. வரவில்லை நானி. கணக்கு டீச்சருக்கு, கேட்ட கேள்வியே தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வருடத்தை மாற்றியதும் அந்தக் காகிதம் கேட்ட இடமே திரையிலிருந்து மறைந்துபோயிற்று. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோமாவின் மருமகள், "டீச்சர், ஏதாச்சும் அழிஞ்சுபோச்சா?" என்று பதறிக்கொண்டு வந்தாள்.

ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்ட இடத்தில் கணவர் என்று எழுதினேன். திரும்பி வருவேன் என்றும் எழுதினேன். இரண்டும் உண்மைதான்.

விசா வந்த அன்றே உன் அப்பாவிடம் சொன்னேன். மறைத்துச் செய்ததாக இருக்கக் கூடாது என்று தோன்றியது.

"உங்க கையெழுத்து தேவையில்லையாம். நான் வருஷத்தைத் தப்பா எழுதிட்டேன். என்னைச் சின்னக் குழந்தைன்னு நெனச்சுக் கேட்டுருக்கு."

நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்த?"

"பழக்கம்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து எனக்கு நீ சமைக்க முடியாது, தெரியுமில்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்பது போலத்தான் சொன்னார். "தெரியும்" என்றேன். மாட்டேன், போகவில்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் மாடி அறைக்கு ஒரு அடுப்பையும் ஒரு பாத்திரத்தையும் தூக்கிப் போனார். நான் கிளம்பும் வரைகூடக் காத்திருக்கவில்லை, தனக்குத் தானே பொங்கிக்கொள்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்கத்தான் வந்திருக்கிறார். தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. கேட்டால் சொல்லிக் கொடுப்பேன். அவர் கேட்கவில்லை. எனக்கு அவரை நினைத்தால் வேதனையாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடியில் சோறு அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது. வாசனை வந்த முதல் நொடியில் என் கால் தானாக எழுந்துவிட்டது. திரும்ப உட்கார்ந்துகொண்டேன். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் அம்மா,
துலசா