உள்ளே தாழிட்ட கதவு

நானா,

மழை பிடித்துவிட்டால் எங்கள் முன்கதவில் இருந்து சேற்று மணம் எழும்புகிறது. அம்மா எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. எல்லோரும் படுத்த பிறகு, விளக்குத் திரியைக் குறைத்துவிட்டு இதை எழுதுகிறேன். யாரும் எழும்பினால் மேலே சரித்திரக் கொப்பியை வைத்துவிடுவேன்.

போன மாரியில் குளக்கட்டு கசியத் தொடங்கியதும் கடைத்தெரு மணியை விடாமல் அடித்தார்கள். என்ன செய்யவேண்டும் என்று ஊருக்குப் பொறுப்பான விதானையார் முன்னமே சொல்லியிருந்தார். பள்ளத்துத் தெருக்காரர் முதலில் புறப்பட வேண்டும். நடக்க ஏலாதவர்களுக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் மாட்டுவண்டில். சந்தைக்குள்ளால் போகாமல் கோயில் ஒழுங்கையால் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். வீட்டுக் கதவை விரியத் திறந்துவிட்டு வரவேண்டும். சாத்திய கதவென்றால் உள்ளே ஆள் இருக்கிறது. கடைசியாக வருபவர் போய்ப் பார்ப்பார். எங்கள் தெருவுக்கு அந்தக் கடைசி ஆள், சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த, தெருவே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட நீங்கள்.

அம்மா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தா.

"அம்மியை விட்டிட்டியள் அக்கா! அதையும் ஏத்துங்கோவன்," என்று சிரித்தீர்கள்.

"பகிடி விடாதேங்கோ நானா. அலுமாரிக்குள்ள பெரியவளின்ர கூறைச்சேலை கிடக்கு. கதவைத் திறந்துவிட்டிட்டு எப்பிடிப் போறது?"

"வெள்ளத்துக்குச் சேலை உடுக்கத் தெரியாது. போங்கோ, போங்கோ."

நீங்கள் மற்ற வீடுகளைப் பார்க்கப் போனீர்கள். நான் வண்டிலில் இருந்து குதித்து ஓடிப்போய், கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டேன். பிறகு பின்பக்கம் அடுப்படிக் குசினி வாசலால் வெளியே வந்து, ஒழுங்கையில் வண்டிலைப் பிடித்துவிட்டேன். அக்காவின் சேலையைக் காப்பாற்றிய சந்தோஷம் எனக்கு. அம்மா கவனிக்கவே இல்லை.

வெள்ளம் வடிந்தபோது நீங்கள் எங்கள் அலுமாரியடியில் கிடந்தீர்கள். குசினியால் வந்து எங்களைத் தேடியிருக்கிறீர்கள். ஊர் அப்படிச் சொல்லவில்லை.

"முன்கதவை உள்ளுக்குத் தாழ் போட்டிட்டு அலுமாரியடியில என்ன வேலை?" என்று கடைத்தெருவில் கதைக்கிறார்கள். உங்கள் கடையில் இப்போது யாரும் துணி எடுப்பதில்லை.

நேற்று உங்கள் மனைவி வந்தா.

"அக்கா, அவர் ஏன் தாழ் போட்டவர்? நீங்களாவது சொல்லுங்கோ."

அம்மா நிலத்தைப் பார்த்தா. "நான் திறந்துவிட்டிட்டுத்தான் வந்தனான் தங்கச்சி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பிறகு உங்கள் மனைவி என் பக்கம் திரும்பினா. "பிள்ளை, நீ ஏதும் கண்டனியோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அழாதே என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனா. அந்தக் கை இன்னும் என் தலையில் இருக்கிறது, நானா.