ஒரே வட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ரீட் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. டெக்சாஸ் காற்றாலைகளில் வேலை ஓடுகிறது.

தேர்தல் முடிந்த மறுநாள் அப்பா போனில் ஒரே குஷி.

"ஓட்டுச்சீட்டுல மேல நம்ம கட்சிக்கு நேரா ஒரே வட்டத்தைக் கறுப்பாக்கினேன்டா. கவர்னர்லேர்ந்து சட்டசபை வரைக்கும் அதுலயே முடிஞ்சுது. பெரிய மெக்கானிக்காமே நீ, இதைவிட வேகமா ஒரு மெஷின் செஞ்சு காட்டு பாப்போம்!"

"நீதிபதிக்கு?" என்றேன்.

"எல்லாருக்கும் சேத்துதானடா!"

சேராது அம்மா. நம் மிச்சிகனில் நீதிபதிகளும் தேர்தலில்தான் வருகிறார்கள், ஆனால் கட்சி இல்லாமல் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாகக் கறுப்பாக்க வேண்டும். நம் ஊரில் பாதிப்பேர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். போதை வழக்குப் பையன்களைச் சிகிச்சைக்கு அனுப்பிவந்த நீதிபதி லிண்டால் சொற்ப வாக்கில் தோற்றார். "எல்லாரையும் உள்ளே தள்ளுவேன்" என்று தெருத்தெருவாகப் பலகை நட்டு அவரை எதிர்த்து ஜெயித்த கார்வர்தான் ஜனவரியில், அதே மாதிரிப் போதை வழக்கில் மாட்டியிருக்கும் தம்பி டேலுக்குத் தண்டனை சொல்லப்போகிறார்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. தாங்கமாட்டார்.

என் நீலக் கோட்டை டேலுக்குக் கொடு, நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும். அப்பா மான் சுட்டிருந்தால் கறி வற்றல் கொஞ்சம் அனுப்பு. இங்கே லாரியில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

நீயும் அந்த ஒரே வட்டத்தோடு வந்துவிட்டாயா அம்மா? வேண்டாம், அதற்குப் பதில் எழுதாதே. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்,
ரீட்