அவர் சொல்ல, நான் தட்டச்சு செய்த உங்கள் கதை

நான் பார்க்கக் கொடுத்து வைக்காத என் கலைச்செல்வி அக்காவுக்கு,

உங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் நான், விஜயா. சுனாமிக்கு அடுத்த ஆவணியில் ஐயனார் கோயிலில் உங்கள் வீட்டுக்காரர் ஏழுமலை எனக்குத் தாலி கட்டினார். கீழ்புத்துப்பட்டில் அதே வீடுதான். உங்கள் மகள் பவித்ரா முதல் நாளே என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

வந்த புதிதில் ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. சுவரில் உங்கள் படம் இருக்கிறது, உங்கள் பெயர் மட்டும் யார் வாயிலும் வராது. பேசினால் நான் வருத்தப்படுவேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பவி ஏதாவது கேட்டால் எழுந்து போய் மொபெட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நீங்கள் போகும்போது அவள் கைக்குழந்தை. அவளுக்கு என்ன நினைவிருக்கும், சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் மரக்காணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். தமிழ் டைப்பிங் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். வேலை இல்லாத நேரத்தில் யார் யாரோ எழுதும் வலைப்பூக்களைப் படிப்பேன். அவரும் ஆரோவில்லில் வயரிங் செய்யப் போகிற வீடுகளில் வெள்ளைக்காரர்கள் கம்ப்யூட்டரில் டைரி எழுதுவதைப் பார்த்திருக்கிறார். "டைரியப் போய் ஊருக்கே காட்டுறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் ஒன்று தொடங்குங்கள், அக்காவைப் பற்றி எழுதுங்கள், பவி பெரியவளானதும் படிப்பாள் என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "உனக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். அது முழு உண்மை இல்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்டரில் கூட்டம் இருக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்காருவார். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். முதல் தடவை உங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் அவராகவே கிளம்பி நின்றார். திரையில் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்ததைச் சரிசெய்து, வலைப்பூவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். "கலைன்னே வை" என்றார்.

அப்படித்தான் நீங்கள் எனக்கு அறிமுகமானீர்கள். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தாத பஸ்ஸில் டிப்போ வரைக்கும் இறங்காமல் போய்ச் சண்டை போட்ட கலை. சினிமாவில் எல்லாரும் அழுகிற இடத்தில் சிரித்துத் தொலைக்கிற கலை. உப்பளத்து ஊரில் பிறந்துவிட்டு எந்தக் குழம்பிலும் உப்பைக் குறைத்தே போடுகிற கலை. தட்டச்சு செய்துகொண்டே நானும் சிரித்திருக்கிறேன். ஒரு நாள், உங்கள் பேச்சுச் சத்தம் இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து திரும்ப மனசு வரவில்லை என்று சொன்னார். அந்த வீட்டில் அப்போது நான் இருந்தேன். அதையும் ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன்.

எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒரு அம்மா, கலைச்செல்வி கொடுத்து வைத்தவர் என்று பின்னூட்டம் போட்டிருந்தார். படித்துக் காட்டினேன். "இருந்தப்ப இதுல ஒண்ணு கூட அவகிட்ட சொன்னதில்ல" என்றார். கொடுத்து வைத்தவர்தானா நீங்கள்? இதில் ஒரு வார்த்தையாவது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டாமா?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாளைப் பற்றிச் சொன்னார். வயிறு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காலையில் நீங்கள் கேட்டீர்களாம். ஒரு வீட்டில் வயரிங் பாதியில் நிற்கிறது, நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். மறுநாள் புதுச்சேரிக்குக் கொண்டு போனபோது குடல்வால் வெடித்து, எல்லாம் கைமீறிவிட்டதாம். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அடித்து முடித்த பிறகு, இதைப் போடத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

"போடு விஜயா. அவகிட்ட சொல்றதுக்கு எனக்கு வேற இடம் இல்ல."

போட்டேன்.

புதுச்சேரியில் காலேஜில் படிக்கிற உங்கள் சித்தி மகள் அதைப் பார்த்துவிட்டு, பிரிண்ட் எடுத்து உங்கள் அண்ணன் குமாரிடம் கொடுத்திருக்கிறாள். உங்கள் காரியத்துக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை. தங்கையின் சாவுக்கு இவர்தான் காரணம் என்று நினைக்கிறார் போலும், அதுதான் வெறுப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அது கையில் கிடைத்த அன்று சாயங்காலம் அவர் உப்பளத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கையில் அந்தத் தாள். அடி விழப் போகிறது என்று நினைத்து நான் பவியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் ஓடி ஒளியவில்லை, அக்கா. அண்ணன் எதிரே போய் நின்றார்.

உங்கள் அண்ணன் கை ஓங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு எனக்கும் போன் பண்ணா மாப்ள. பூத்துல இருந்து. வயிறு வலிக்குது, அவரு வேலைக்குப் போயிட்டாரு, நீ வந்து கூட்டிட்டுப் போண்ணான்னு சொன்னா. மழை இருட்டிக்கிட்டு வந்துது. உப்பை வாரி மூடிட்டு நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாது மச்சான்."

"யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கும், நீ கேப்பன்னு பயந்துதான் நான் இங்க வரவே இல்ல."

இவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே நின்றுகொண்டு நான் அழுதேன். ஒருவர் வாய் திறந்திருந்தால் இத்தனை வருஷம் பவிக்குத் தாய்மாமன் இருந்திருப்பார். அதைவிட, வலியோடு பூத் வரைக்கும் நடந்து போய்விட்டுத் தனியாகத் திரும்பினீர்களே, அப்போது மனசில் என்ன நினைத்தீர்கள்? யார் மேல் கோபப்பட்டீர்கள்? அதை எங்களுக்கு யார் சொல்வார்கள்?

இப்போது உங்கள் அண்ணன் அடிக்கடி வருகிறார். நீங்கள் சின்னப் பிள்ளையில் செய்ததெல்லாம் அவர் சொல்கிறார். அதையும் அடித்து வலைப்பூவில் ஏற்றுகிறேன். அந்த நாளைப் பற்றிய பதிவை எடுத்துவிடலாமா என்று இவர் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தவறா, உங்களைத்தான் கேட்க வேண்டும்.

பவி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் அந்தப் பதிவுக்கும் வந்து சேருவாள். அன்றைக்கு நான் அவள் பக்கத்திலேயே இருப்பேன். அவள் அழுது முடிக்கும் வரைக்கும் இருப்பேன். அவள் அப்பாவோடு ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்க விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மகளுக்குச் சித்தி, அதனால் உங்களுக்குத் தங்கை,
விஜயா