கவுண்டருக்கு அடியில் ஒரு போத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் யோகமலர் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறானா?

போனில் சொன்னால் பதறிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை கடையில் புடவை விரித்துக் காட்டும்போது நெஞ்சு படபடத்துக் கண் இருட்டிவிட்டது. அப்பாவைக் கொண்டுபோன நெஞ்சு வருத்தம் எனக்கும் வந்துவிட்டதென்று நினைத்தேன். கூட வேலை செய்கிற நளீபா ஆட்டோ பிடித்து, கடை இருக்கிற வெள்ளவத்தையிலேயே ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனாள். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார். காலையில் ஒரு தேத்தண்ணி, பிறகு வேலை முடிந்துதான் என்றேன். கடையில் டொய்லட் நாலாம் மாடியில். அடிக்கடி போனால் மெனேஜர் முறைப்பார். தண்ணீர் குடிக்காததால்தான் படபடப்பும் மயக்கமும் என்றார் டொக்டர்.

"உங்களுக்கு ஆர் இப்பிடிப் பழக்கினது?" என்றார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இப்போது கவுண்டருக்கு அடியில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கிறேன். மெனேஜர் முறைக்கட்டும். அடிக்கடி வருகிற தலைவலியும் போய்விட்டது, நன்றாகத் தூங்குகிறேன்.

யாராவது கொழும்புக்கு வந்தால் என் பழைய கம்பளியைக் கொடுத்துவிடுங்கள். நான் தங்கியிருக்கிற கொட்டாஞ்சேனையில் குளிரே இல்லை, இருந்தாலும் வேண்டும்.

இத்துடன் உங்களுக்கும் ஒரு போத்தல் அனுப்புகிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் ஒதுங்க இடமில்லையென்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்பீர்களே, உங்களைப் பார்த்துத்தான் நான் பழகினேன். நான் வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

குடியுங்கள் அம்மா.

யோகமலர்